எழுத்துக்கு நான்கு டாலர்

ஜனவரியில் எங்கள் கடையில் இரண்டே வேலை:
பெயர் ஒட்டுவது, பெயர் உரிப்பது.
மைதானத்தின் வடக்கு வாசல்,
பிரெட்சல் வண்டிக்குப் பக்கத்துக் கதவு.
பதினோரு வருடமாக அதே அழுத்து இயந்திரம்,
அதே நான்.

எழுத்துக்கு நான்கு டாலர்.
லீ என்று ஒருவன் நன்றாக ஆடினால் ரசிகருக்கு லாபம்.
பெட்டிகுரூ ஆடினால் எங்களுக்கு.
ஆங்கிலத்தில் அவன் ஒன்பது எழுத்து.
போன அக்டோபரில் 'டி'யும் 'ஈ'யும் தீர்ந்துபோய்
சின்சினாட்டியிலிருந்து ஆள் அனுப்பி வாங்கினோம்.

டாரியன் பெட்டிகுரூ, எண் இருபத்திரண்டு.
பந்தைக் கக்கத்தில் இடுக்கி அவன் ஓடினால்
அறுபதாயிரம் பேர் எழுந்து நிற்பார்கள்.
எழுந்தவர்கள் இடைவேளையில்
உட்காராமல் நேரே என்னிடம் வருவார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை
கல்லூரி மாறுகிறவர்களுக்குக் கதவு திறந்தது.
புதன்கிழமை அவன் இல்லை.
மேற்கே ஏதோ பாலைவனத்து ஊராம்,
கார் வியாபாரிகள் கூடிப் போட்ட பணமாம்.
எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.
ஆனால் எல்லோரிடமும் ஒரு தொகை இருக்கிறது,
மதியத்துக்கு மேல் அது ஏறிக்கொண்டே போகிறது.

ஹோஸ்டெட்லர் என்ற பிளம்பர்
மூன்று சட்டைகளை மேஜைமேல் போட்டார்.
அவருடையது, இரண்டு பையன்களுடையது.
"உரி" என்றார்.
உரிக்கவும் எழுத்துக்கு நான்கு என்றேன்.
முறைத்துவிட்டு அட்டையை நீட்டினார்.
மூன்று முதுகு, இருபத்தேழு எழுத்து, நூற்றெட்டு டாலர்.
"கூலிக்கு மாரடிக்கிற பயல்."
நான் என் கூலியை நினைத்துக்கொண்டேன்:
மணிக்குப் பதினான்கு,
ஒட்டினாலும் உரித்தாலும்.

ஆவி பட்டதும் எழுத்து ஓரத்தில் நெகிழும்.
நகத்தால் தூக்கி, மெல்ல இழுக்க வேண்டும்.
போனபிறகும் துணி லேசில் விடாது.
வெயில் படாத இடம் அடர்சிவப்பாக நிற்கும்,
சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.
அதை நான் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

நீச்சல் அணியைச் செப்டம்பரிலேயே கலைத்துவிட்டார்கள்.
கட்டுப்படியாகவில்லையாம்.
அந்தப் பெண்களின் தொப்பிகள் வாசலில் ஒரு கூடையில்,
எது எடுத்தாலும் ஐம்பது சென்ட்.
நாய்க்கு மாட்டிப் படம் எடுக்கிறார்கள்.
இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை நீந்திய அன்னெலீஸ்
பக்கத்து வண்டியில் பிரெட்சலுக்கு உப்புத் தூவுகிறாள்.
என்ன தோள்கள் அவளுக்கு.

பெட்டிகுரூ ஒருமுறை கடைக்கு வந்திருக்கிறான்.
முதல் வருடம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம்.
அம்மாவுக்கு ஒரு சட்டை வேண்டும், மீடியம், என் பெயர் போட்டு.
பேராசிரியர்களுக்குத் தள்ளுபடி உண்டு,
நன்கொடையாளர்களுக்கு உண்டு, பழைய மாணவர்களுக்கு உண்டு.
ஆடுகிறவனுக்கு என்று கணினியில் ஒரு பொத்தான் இல்லை.
நான் தேடினேன்.
சட்டைக்கு நூற்று இருபது, அவன் பெயருக்கு முப்பத்தாறு.
கசங்கிய நோட்டுகளாக எண்ணி வைத்தான்,
கடைசி நான்கு டாலர் சில்லறையில்.

அந்தச் சட்டை நேற்று அலபாமாவிலிருந்து தபாலில் வந்தது.
கூடவே கோடு போட்ட தாளில் யூலாலி பெட்டிகுரூ:
"நெஞ்சில் இருக்கும் சிங்கத்தை எடுத்துவிடுங்கள்.
பெயர் இருக்கட்டும்.
அது அவன் அப்பாவுடையது.
எவ்வளவு ஆகும்?"

சிங்கத்துக்கு விலைப்பட்டியலில் வரி இல்லை.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
அது ஒட்டியதும் அல்ல, நூலில் தைத்தது,
ஆவிக்கு அசையாது.
கடை மூடிய பிறகு ஊசிமுனையால்
பிடரியில் தொடங்கினேன்.

நாளை புது இருபத்திரண்டு வருகிறான்.
பதின்மூன்று எழுத்தாம், நடுவில் ஒரு சிறுகோடாம்.
கோட்டுக்கும் காசு வாங்கலாமா என்று
முதலாளி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்.

ஒன்பதுக்குக் காவலாளி விளக்கை அணைப்பான்.
இன்னும் வால் இருக்கிறது.